தோள்பட்டைக் கிழிசலைத் தைத்த கோட்மேன்: ‘ரிசல்ட் என்ன ஆச்சு?’ என்று கேட்டதற்குக் கொடுத்த விலை

சட்டை மாட்டினால் தோளில் சுரீர் என்கிறது. கையைத் தூக்க முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கமே போச்சு. இப்படி வருபவர்களுக்கு இன்று ஸ்கேன் எடுத்து, உள்ளே தசைநாண் கிழிந்திருக்கிறதா என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். நூறு வருடங்களுக்கு முன்பு சுளுக்கு, வாதம் என்று ஏதோ ஒரு பெயர் சொல்லி அனுப்பிவிடுவார்கள். உள்ளே இருப்பது கிழிசல், அதைத் தைக்கவும் முடியும் என்று எடுத்துக்காட்டிய முன்னோடி, அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறுவை சிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் அமோரி கோட்மேன்.

யார் இவர்?

1869-ல் பாஸ்டனில் பிறந்த கோட்மேன், 1895-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, பின்னாளில் மூளை அறுவை சிகிச்சையில் புகழ்பெற்ற ஹார்வி குஷிங்குடன் சேர்ந்து, மயக்க மருந்து கொடுக்கும்போது நோயாளியின் நாடித்துடிப்பைக் குறித்துவைக்கும் அட்டவணையை உருவாக்கினார். எதையும் எழுதிவைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

தோளுக்குள் என்ன இருக்கிறது?

மேல்கை எலும்பின் உருண்டையான தலை, ஆழமில்லாத ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. நான்கு தசைகளின் நாண்கள் அதைத் தொப்பி மாதிரி மூடிப் பிடித்திருக்கின்றன. மேலே இருப்பது சூப்ராஸ்பைனேட்டஸ். அதை ஒட்டி முன்பக்கமாக, பைசெப்ஸ் தசையின் நீண்ட நாண் மூட்டுக்குள் போகிறது. மேல் நாண் முழுசாக அறுந்தால் கையைத் தூக்குவது பெரும்பாடாகிவிடும்.

அறுந்த இந்த நாணைத் தைத்துச் சரிசெய்த இரண்டு நோயாளிகளைப் பற்றி 1911-ல் கோட்மேன் கட்டுரை வெளியிட்டார். தோளைத் திறந்து, விலகிப்போன நாணை இழுத்து, மீண்டும் எலும்போடு சேர்ப்பதுதான் முறை. இன்று சிறு துளைகள் வழியாக கேமராவை நுழைத்து, எலும்பில் ஆங்கர்களைப் பதித்து, அவற்றிலுள்ள நூலால் நாணைக் கட்டுகிறார்கள். பைசெப்ஸ் நாணும் கெட்டுப்போயிருந்தால், மூட்டுக்குள் அதை வெட்டிவிடுவார்கள் அல்லது மேல்கை எலும்பில் வேறு இடத்தில் பொருத்துவார்கள். கருவிகள் மாறிவிட்டன. நாணை எலும்போடு சேர்ப்பது என்ற அடிப்படை மாறவில்லை. முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் போல ஆட்டும் பிசியோதெரபி பயிற்சிக்கும் கோட்மேன் பெயர்தான்.

மோதல் எங்கே வந்தது?

தோலில் போட்ட தையல் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆனா, நாண் எலும்போடு ஒட்டியதா, கை மேலே போகிறதா என்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். எல்லா அறுவை சிகிச்சைக்கும் இதே கணக்குதான் என்றார் கோட்மேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வேண்டும். என்ன நோய், என்ன செய்தோம், ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார் என்று அதில் எழுத வேண்டும். சரியாகவில்லை என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் அவர் சொன்ன ‘இறுதி முடிவு’ முறை.

அவர் வேலை பார்த்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பதவி உயர்வு சீனியாரிட்டிப்படி கிடைத்தது, சிகிச்சையின் பலனைப் பார்த்து அல்ல. இதை எதிர்த்து 1914-ல் ராஜினாமா செய்தார். அதற்கு முன்பே, 1911-ல், சிறிய மருத்துவமனை ஒன்றைச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் முடிவுகளைப் பகிரங்கமாக அச்சிட்டார். அதில் 123 தவறுகளையும் தாமே பதிவு செய்திருந்தார்.

1915 ஜனவரியில் பாஸ்டன் மருத்துவர்கள் கூட்டத்தில் ஒரு பெரிய கேலிச்சித்திரத்தைத் திறந்துகாட்டினார். மணலில் தலை புதைத்த நெருப்புக்கோழி, டாக்டர்கள் பக்கம் தங்க முட்டைகளை உதைத்துத் தள்ளுகிறது. பணக்கார நோயாளிகள்தான் அந்தக் கோழி. அவ்வளவுதான், ஊரே கொதித்தது. மருத்துவச் சங்கத்தில் வகித்த தலைவர் பதவி போனது. ஹார்வர்டு ஆசிரியர் பணியும் போனது. நோயாளிகளை அனுப்பிவைத்த நண்பர்களும் ஒதுங்கினார்கள்.

பிறகு என்ன ஆனது?

கோட்மேன் கணக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. 1920-களில் எலும்புப் புற்றுநோயாளிகளின் விவரங்களைத் திரட்டும் பதிவேட்டை நடத்தினார். 1934-ல் தோள்பட்டை பற்றிய பெரிய நூலைத் தன் சொந்தச் செலவில் வெளியிட்டார். அவருடைய யோசனையிலிருந்து பிறந்த மருத்துவமனைத் தரப்படுத்தல் முயற்சி, பின்னாளில் அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பாக வளர்ந்தது.

1940-ல் புற்றுநோயால் இறந்த அவருடைய கல்லறையில் பெயர்கூட இல்லை. 2014-ல்தான் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து அங்கே ஒரு கல் வைத்தன. தோளில் தையல் போட்டு ஒரு வருடம் ஆனவரைத் திரும்ப வரச்சொல்லி, கை எவ்வளவு உயரம் போகிறது என்று இன்று ஒரு டாக்டர் அளந்து எழுதினால், அது கோட்மேன் கேட்ட அட்டைதான்.