ஏமாந்தவர் பக்கம் நின்ற வக்கீல்
வி. கிருஷ்ணசாமி ஐயர்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் உழைத்து, மாதச் சம்பளத்தில் நாலு காசு மிச்சம் பிடிப்பவர்களுக்கு இன்று ஒரு புதிய பயம் வந்திருக்கிறது. கைபேசி மணி அடிக்கிறது. பாங்கி அதிகாரி என்றோ, போலீஸ்காரர் என்றோ ஒரு குரல் மிரட்டுகிறது. அல்லது ஒன்றுக்கு இரண்டாக லாபம் தருவதாக ஆசை காட்டுகிறது. சில நிமிஷங்களில் பல வருஷச் சேமிப்பு மறைந்துவிடுகிறது. பணம் போன துக்கம் ஒரு பக்கம். வெளியே சொன்னால் ஊர் சிரிக்குமே என்ற வெட்கம் மறுபக்கம்.

கருவிதான் புதியது. கதை பழையது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த அந்நாளில், 1906ஆம் ஆண்டில், சென்னை ராஜதானி முழுவதையும் கலங்கவைத்த மோசடி ஒன்று நடந்தது. அப்பொழுது ஏமாந்தவர்கள் பக்கம் நின்று வாதாடியவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர்.

முன்கோபமும் இளகிய மனமும்

தஞ்சை ஜில்லா திருவிடைமருதூரில் 1863 ஜூன் 15ந் தேதி கிருஷ்ணசாமி ஐயர் பிறந்தார். தந்தை வெங்கடராம ஐயர் ஜில்லா முனிசீப். கும்பகோணம் காலேஜிலும், சென்னை மாகாணக் கல்லூரியிலும் படித்துத் தேறிய கிருஷ்ணசாமி, சட்டமும் பயின்று 1885ல் வக்கீலானார். நாளடைவில் சென்னை ஹைகோர்ட்டின் முன்னணி வக்கீல்களில் ஒருவரானார்.

மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவது அவர் சுபாவம். கோபமும் சட்டென்று வரும். ஆனால், கஷ்டப்படுகிறவர்களைக் கண்டால் மனம் இளகிவிடும். சம்பாதித்ததைத் தர்மத்துக்குத் தாராளமாகச் செலவிட்டார். மயிலாப்பூரில் சம்ஸ்கிருதக் கல்லூரியும், ஏழை நோயாளிகளுக்காக வெங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையும் அவர் முயற்சியால் எழுந்தவை.

சரிந்தது அர்பத்நாட்

அந்நாளில் சென்னையில் பாரி, பின்னி, அர்பத்நாட் என்ற மூன்று வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குப் பெரும் பெயர் உண்டு. அர்பத்நாட் கம்பெனி வியாபாரத்துடன் பாங்கித் தொழிலும் நடத்திவந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட், வர்த்தக சபைத் தலைவராகவும் விளங்கியவர். அந்தப் பெயரை நம்பி, பென்ஷன்காரர்களும் உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் தங்கள் பணத்தை அங்கே போட்டுவைத்தார்கள். பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்ததும், வயோதிக காலத்துக்கென்று ஒதுக்கியதும் அங்கேதான் இருந்தன.

அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு லண்டனில் நடந்தது என்ன என்பது இங்கே யாருக்கும் தெரியாது. அர்பத்நாட்டின் லண்டன் கூட்டாளி மக்ஃபாடியன், ஊக வாணிபத்தில் இறங்கிப் பெரும் நஷ்டப்பட்டார். நஷ்டத்தை மறைக்க மேலும் பணம் தேவைப்பட்டது. கம்பெனி ஆட்டங்கண்ட பிறகும், சென்னையில் புதிய டிபாசிட்டுகள் வாங்கப்பட்டுவந்தன. 1906 அக்டோபர் 20ந் தேதி மக்ஃபாடியன் லண்டனில் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 22, திங்கட்கிழமையன்று அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது.

செய்தி கேட்டுக் குடும்பங்கள் இடிந்துபோயின. சனிக்கிழமை வரை வசதியாக இருந்தவர்கள், திங்கட்கிழமை அடுத்த வேளைக்குக் கவலைப்பட வேண்டியதாயிற்று. கம்பெனியின் சொத்தைக் கூட்டிப் பார்த்தால், பட்ட கடனுக்கு அது ஈடாகவில்லை.

கோர்ட்டில் போராட்டம்

பணம் போட்ட இந்தியர்களுக்காகக் கிருஷ்ணசாமி ஐயர் கோர்ட்டில் ஆஜரானார். எதிரே இருந்தது சாதாரண ஆள் அல்ல. ஆளும் இனத்தைச் சேர்ந்தவர், சர் பட்டம் பெற்றவர், அதிகாரிகளுடன் சரிசமமாகப் பழகியவர். வெள்ளைக்காரப் பிரமுகர் ஒருவரை இந்திய வக்கீல் ஒருவர் மடக்கிக் கேள்வி கேட்பதே அந்நாளில் பெரிய காரியம். ஐயர் அஞ்சவில்லை. திவால் விசாரணையில் கணக்குகளைத் துருவி, மறைக்கப்பட்டதை வெளியே கொண்டுவந்தார். பின்னர் நடந்த கிரிமினல் வழக்கில், 1907ல் சர் ஜார்ஜுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது.

குற்றவாளி ஜெயிலுக்குப் போனதால் ஏழையின் பெட்டி நிரம்பிவிடாது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் இருந்தது. இனி யாரிடம் பணத்தைக் கொடுப்பது என்று ஜனங்கள் திகைத்தார்கள். நம்பிக்கை போய்விட்டால், பணம் மறுபடி பானைக்குள்ளும் மண்ணுக்குள்ளும்தான் போகும். நம்மவர் பணத்தை நம்மவரே நிர்வகிக்கும் பாங்கி ஒன்று வேண்டும் என்று கிருஷ்ணசாமி ஐயர் முனைந்தார். நகரத்தார் பெருமக்களின் முதலையும் அநுபவத்தையும் நாடினார். 1907 மார்ச் மாதம் பதிவான இந்தியன் பாங்கி, அதே ஆண்டு ஆகஸ்டு 15ந் தேதி வேலையைத் தொடங்கியது.

கட்சி பார்க்காத மனம்

அரசியலில் அவர் மிதவாதி. பாரதியாரோ தீவிரவாதி. இருந்தும், பாரதியாரின் பாடல்களைக் கேட்டு உருகிய ஐயர், அவற்றில் சிலவற்றைத் தம் செலவிலேயே 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார்.

1909ல் அவர் ஹைகோர்ட் நீதிபதியானார். 1911ல் கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினரானார். அந்தப் பதவியில் நீடிக்க விதி விடவில்லை. 1911 டிசம்பர் 28ந் தேதி, 48வது வயதில், காலமானார்.

அர்பத்நாட் கம்பெனி இருந்த கடற்கரைச் சாலை இடத்திலேயே, பிற்காலத்தில் இந்தியன் பாங்கியின் தலைமை அலுவலகம் எழுந்தது. அந்தச் சாலைக்கு இப்போது ராஜாஜி சாலை என்று பெயர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் பெயர்தான் அது.

அந்த ஓசூரில் இன்று கைபேசியால் பணத்தைப் பறிகொடுத்தவர், அழுதுகொண்டு அறைக்குள் முடங்க வேண்டியதில்லை. 1930 என்ற எண்ணுக்கு உடனே தகவல் சொன்னால், போன பணத்தை வழியில் நிறுத்திவைக்க முயற்சி எடுப்பார்கள். தாமதிக்கத் தாமதிக்க, பணம் கை மாறிக்கொண்டே போகும். 1906ல் ஏமாந்தவர்கள் கோர்ட்டுக்கு வந்து நின்றதால்தான், கிருஷ்ணசாமி ஐயரால் அவர்களுக்காக வாதாட முடிந்தது. வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவனே.