தொட்ட கை

1866ஆம் ஆண்டு சனவரித் திங்கள். பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலோக்காயின் கரையில் ஒன்பது ஆடவரும் மூன்று பெண்டிரும் இறக்கிவிடப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் யாதும் இல்லை. தொழுநோய் கொண்டிருந்தனர், அவ்வளவே. ஒரு புறம் மலைச்சுவர், மற்ற மூன்று புறமும் கடல். முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று அவர்களை உயிருடன் புதைத்தது. பின்னர் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் அங்கே அனுப்பப்பட்டனர்.

அந்த இடத்திற்கு 1873 மே 10ஆம் நாள் தாமாகவே விரும்பிச் சென்றவர் தமியான் அடிகள்.

அவர் 1840இல் பெல்ஜியத்தில் திரெமெலோ என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு. பெரும்புலமை அவருக்கு வாய்க்கவில்லை; உடல் வலிமையும் தச்சுவேலையில் தேர்ச்சியும் வாய்த்திருந்தன. ஹவாய்க்குச் செல்ல வேண்டியிருந்தவர் உண்மையில் அவருடைய அண்ணன். அண்ணன் காய்ச்சலில் விழவே, தம்பி அவ்விடத்தைக் கேட்டுப் பெற்றார். 1864இல் ஹொனலுலுவில் குருப்பட்டம் பெற்றுப் பெரிய தீவில் ஒன்பது ஆண்டு உழைத்தார். மொலோக்காய்க்குக் குருமார் நால்வர் முறைவைத்துச் செல்வதென்பதே ஏற்பாடு. முதலில் சென்றவர் திரும்பவேயில்லை.

சென்றவுடன் தங்க வீடு இல்லை. தாழை மரத்தடியில் உறங்கினார். அழுகும் புண்ணின் நாற்றத்தைத் தாங்குவதற்கே பழக வேண்டியிருந்தது. ஆயினும் நோயாளர் கையைப் பற்றினார்; புண்ணைக் கழுவிக் கட்டினார்; அவர்கள் கலத்திலேயே உண்டார். நண்பர்களே, நம் விடுதியில் ஒருவனுக்கு அம்மை கண்டால் அவன் அறைப்பக்கம் போகாதவர்கள் அல்லமோ நாம்? இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

அடிகளின் பெருமை தொட்டதில் மட்டும் இல்லை என்பது என் கருத்து. நோயாளனுக்கு மருந்து வேண்டும். ஆனால் மருந்து மட்டும் போதாது என்று அவர் கண்டுகொண்டார். 1874ஆம் ஆண்டுப் புயலில் குடிசைகள் பறந்தபோது அரசிடம் மரம் கேட்டு வாங்கி, நோயாளருடன் சேர்ந்து வீடுகள் கட்டினார். பள்ளத்தாக்கின் நீரைக் குழாய் வழியே ஊருக்குக் கொணர்ந்தார். பெற்றோரில்லாப் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். பாடகர் குழு கூட்டினார். விரல் குறைந்தவர்களும் இசைக்கருவி வாசித்தார்கள். இறந்தவர்க்குத் தம் கையாலேயே பெட்டி செய்து, வேலியிட்ட இடுகாட்டில் அடக்கினார். மனிதனுக்குரிய அடக்கம் கிடைக்கும் என்று தெரிந்தபின், உயிரோடிருந்தவர்களும் தங்களை மனிதராக எண்ணத் தொடங்கினர்.

எல்லாம் அவர் ஒருவர் செய்தார் என்று எழுதுவது முறையாகாது. கணவனுக்காக மனைவியும், மகனுக்காகத் தாயும் நோயின்றியே உடன்வந்து அங்குத் தங்கியிருந்தனர். ஹவாய் மக்கள் அவர்களைக் ‘கோக்குவா’ என அழைத்தனர். அவர்கள் பெயர்களை உலகம் அறியாது.

1884 திசம்பரில் ஒருநாள் கொதிநீரில் கால் வைத்தார். கொப்புளம் எழுந்தது, வலி எழவில்லை. உணர்ச்சி போய்விட்டதென்றால் பொருள் என்னவென்று அவருக்குத் தெரியும். மேலும் நான்கு ஆண்டு உழைத்து, 1889 ஏப்ரல் 15ஆம் நாள் நாற்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

பழி அதன் பிறகே வந்தது. ஒழுக்கக் கேட்டினால் வருவது இந்நோய் என்று அக்காலத்தில் அங்கே பலர் நம்பினர். ஹொனலுலுவில் சமயப் பணியாளர் ஒருவர், அடிகளின் தூய்மையையே ஐயுற்றுக் கடிதம் எழுதினார், அஃது அச்சேறியது. எழுத்தாளர் ஸ்டீவன்சன் 1890இல் திறந்த மடல் எழுதி அதை மறுத்தார். நோய்க்கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் கண்டதோ, அடிகள் மொலோக்காயில் கால்வைத்த அதே 1873இல். உண்மை தெரிந்த பின்னும் பழி பதினேழு ஆண்டு நடமாடியது என்றால், நோயைவிடப் பழிக்கு ஆயுள் நீளம் அன்றோ?

அடிகள் தம்மைக் காத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்பாரும் உண்டு. கேள்வி நியாயமானதே. 1888இல் அங்கு வந்த அன்னை மரியான் கைகழுவும் ஒழுங்கைக் கண்டிப்புடன் கடைப்பிடித்து, 1918இல் இறக்கும் வரை நோயாளரிடையே வாழ்ந்தார். நோய் அவரை அணுகவில்லை. அன்பு காட்டுவதற்கு நோயை ஏற்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

எய்ட்சு பரவிய 1980களில் பழைய கதை மீண்டும் நடந்தது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தபோதும், நோயை முந்திக்கொண்டு ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சே எழுந்தது. அமெரிக்காவின் இண்டியானாபொலிசு நகரில் 1987இல் இரு தேவாலயங்கள் சேர்ந்து, எச்.ஐ.வி. உள்ளோருக்கென ஒரு நிலையம் தொடங்கின. அதற்கு இட்ட பெயர் தமியான். இன்று அங்கே மருத்துவம், உணவு, வீட்டுவசதி, மனநல உதவி எல்லாம் ஓரிடத்திலேயே கிடைக்கின்றன.

அடிகளின் உடலை 1936இல் பெல்ஜியம் கொண்டுசென்றுவிட்டது. தம்மவர் தம்மிடமே இருக்கவேண்டும் என்ற ஏக்கம் மொலோக்காய் மக்களுக்குத் தீரவில்லை. 1995இல் அவருடைய வலக்கை மட்டும் திரும்பி வந்தது. அதைப் பழைய கல்லறையிலேயே வைத்து மூடினார்கள்.