ஊமத்தம்பூவை உலகறியச் செய்த ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப்

தமது ஓவியங்களுக்குப் பிறர் கற்பித்த பொருளை ஏற்க மறுத்து, தாம் கண்டதையும் உணர்ந்ததையுமே வாழ்நாள் முழுவதும் தீட்டியவர் அமெரிக்க நவீன ஓவியக் கலையின் முன்னோடியான ஜார்ஜியா ஓ'கீஃப்.

விஸ்கான்சின் மாநிலத்தின் சன் பிரெய்ரி அருகே, விவசாயக் குடும்பத்தில் 1887 நவம்பர் 15-ஆம் தேதி பிறந்தார். சிகாகோவிலும் நியூயார்க்கிலும் ஓவியம் பயின்று பரிசும் பெற்றார். ஆயினும், கண்டதை அப்படியே நகலெடுக்கும் மரபில் மனநிறைவு காணாமல் 1908-இல் தூரிகையைக் கீழே வைத்தார். சில காலம் விளம்பரப் படங்கள் வரைந்தார். பின்னர் ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

தென் கரோலினாவில் பணியாற்றிய 1915-இல், எவரையும் பின்பற்றாமல் கரிக்கோல் கொண்டு அரூப ஓவியங்களை வரைந்து தோழிக்கு அனுப்பினார். அவற்றைத் தோழி மூலம் பார்த்த புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், 1916-இல் தமது நியூயார்க் கலைக்கூடத்தில் ஓ'கீஃபின் அனுமதியின்றியே காட்சிக்கு வைத்தார். செய்தியறிந்து அங்கு சென்று ஆட்சேபித்த ஓ'கீஃப், பின்னர் இசைந்தார். இருவரும் 1924-இல் திருமணம் செய்துகொண்டனர்.

சிறிய பூவையும் எவரும் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காக அதைப் பேருருவில் தீட்டினார். விமர்சகர்களோ அவற்றில் பெண்ணுடலைக் கண்டனர். அவ்விளக்கத்தை இறுதிவரை மறுத்த அவர், பெண் ஓவியர் என்ற அடைமொழியையும் விரும்பவில்லை.

1929 முதல் நியூ மெக்சிகோ பாலைநிலம் அவரை ஈர்த்தது. வெயிலில் வெளுத்த எலும்புகளும் செம்மண் குன்றுகளும் ஓவியங்களாயின. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1946-இல் அவரது படைப்புகளின் தொகுப்புக் கண்காட்சியை நடத்தியது. அங்கு அத்தகைய சிறப்பைப் பெற்ற முதல் பெண் ஓவியர் அவரே. அதே ஆண்டில் கணவர் காலமானார். 1949-இல் நியூ மெக்சிகோவில் நிரந்தரமாகக் குடியேறினார்.

1970-களில் பார்வை மங்கியபோதும் பணியை நிறுத்தவில்லை. உதவியாளர்களின் துணையுடன் வரைந்தார். களிமண்ணிலும் கலங்கள் வனைந்தார். 1986 மார்ச் 6-ஆம் தேதி, 98-ஆவது வயதில் சாண்டா ஃபே நகரில் காலமானார். அவர் பலமுறை தீட்டிய பெடர்னல் மலையின் உச்சியிலிருந்து அவரது அஸ்தி தூவப்பட்டது.

1932-இல் அவர் வரைந்த வெள்ளை ஊமத்தம்பூ ஓவியம், 2014-இல் 4 கோடியே 44 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பெண் ஓவியர் ஒருவரின் படைப்புக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்திராத விலை அது. வேலியோரத்தில் யாரும் பொருட்படுத்தாத பூவை உலகம் நின்று பார்த்தது.