வீணை தனம்மாள்

வீணை தனம்மாள் (1867 - அக்டோபர் 15, 1938) புகழ் பெற்ற கருநாடக இசைக் கலைஞர் ஆவார். வீணை வாசிப்பிலும் வாய்ப்பாட்டிலும் தேர்ச்சி பெற்றிருந்தார். வீணையை மீட்டிக்கொண்டே பாடுவது இவரது தனிச்சிறப்பாகும். இவரது பாணி தனம்மாள் பாணி அல்லது தனம்மாள் பரம்பரை என்ற பெயரில் இன்றும் அறியப்படுகிறது. வாழ்வின் பிற்பகுதியில் கண்பார்வையை இழந்த நிலையிலும் இவர் வாசிப்பைக் கைவிடவில்லை. ஆதலால் முதுமை ஓர் இசைக் கலைஞரின் கைத்திறனையும் ஊக்கத்தையும் இசையில் அவர் காணும் இன்பத்தையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை அறிய விரும்புவோருக்கு இவரது வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டாகும்.

பிறப்பும் குடும்பமும்

தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுன் பகுதியில் இசையையும் நடனத்தையும் தொழிலாகக் கொண்ட தேவதாசி மரபுக் குடும்பத்தில் பிறந்தார். இவரது முன்னோர் தஞ்சாவூரைச் சேர்ந்தவர்கள். பாட்டி காமாட்சி நடனக் கலைஞர். தாய் சுந்தரம்மாள் சியாமா சாஸ்திரிகளின் மரபில் இசை பயின்ற பாடகி. 1855 இல் தஞ்சை மராட்டிய அரசின் கடைசி மன்னர் சிவாஜி மறைந்தபின் அரண்மனையின் ஆதரவு குறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சைக் கலைஞர்கள் பலர் சென்னைக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே வணிகர்களும் துபாஷிகளும் புதிய புரவலர்களாக விளங்கினர்.

வட சென்னையின் இசைச் சூழல்

தனம்மாள் வாழ்ந்த ஜார்ஜ் டவுனும் அதற்கு வடக்கே உள்ள மணலி, திருவொற்றியூர் முதலிய ஊர்களும் அக்காலத்தில் இசைக்குப் பெயர் பெற்றவை. திருவொற்றியூர் பிற்காலத்தில் பல ஆண்டுகள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று இவ்வூர்களை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்காகவும், எண்ணூர், கும்மிடிப்பூண்டி என வடக்கே நீளும் தொழிற்பேட்டைகளுக்காகவுமே பலர் அறிவர். ஆயினும் கருநாடக இசை வரலாற்றில் இவற்றுக்குத் தனி இடம் உண்டு.

* மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் இராமசுவாமி தீட்சிதரை ஆதரித்தார். அவருடைய மகன் முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் மணலியில் வாழ்ந்தார்.
* முத்துசுவாமி தீட்சிதர் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருத்தணியில் முருகன் அருளால் முதல் கிருதியை இயற்றினார் என்பது மரபு.
* தியாகராஜரின் மாணவர் வீணை குப்பையரும் அவருடைய மகன் திருவொற்றியூர் தியாகையரும் இப்பகுதியில் வாழ்ந்த புகழ் பெற்ற இசையறிஞர்கள்.

இசைப் பயிற்சி

தனம்மாள் முதலில் தம் குடும்பத்தாரிடமே இசை பயின்றார். பின்னர் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைக் கற்றார். கண்பார்வையற்ற இசைக் கலைஞரான வாலாஜாபேட்டை பாலதாஸ் நாயுடுவிடம் க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களைக் கற்றார். ஜாவளிகள் பல இயற்றிய தர்மபுரி சுப்பராயர் இவரது குடும்ப நண்பர் ஆவார். சியாமா சாஸ்திரிகள், தீட்சிதர், க்ஷேத்ரக்ஞர் என்று பல மரபுகள் இவரிடம் வந்து சேர்ந்தன. பார்வையற்ற ஆசிரியரிடம் ஏட்டின் துணையின்றிச் செவிவழியாகப் பெற்ற பாடம் பிற்காலத்தில் இவருக்குப் பெரிதும் பயன்பட்டிருக்கும் எனலாம்.

வாசிப்பு முறை

வீணையில் 24 மெட்டுகளும், வாசிப்பதற்கு 4 தந்திகளும், சுருதிக்கும் தாளத்திற்கும் 3 தந்திகளும் உள்ளன. வலக்கை விரல்கள் தந்தியை மீட்டும். இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெட்டின்மேல் தந்தியை அழுத்தியும் பக்கவாட்டில் இழுத்தும் கமகங்களை உண்டாக்கும். ஒரே மெட்டில் நின்று தந்தியை இழுத்தே அடுத்தடுத்த சுரங்களைப் பிறப்பிக்கலாம். இதற்கு விரல்வலுவும் நுண்ணிய கட்டுப்பாடும் தேவை.

வீணைக் கலைஞர் பலர் மீட்டும் விரல்களில் உலோகக் கம்பியாலான வளையத்தை மாட்டிக்கொள்வர். இதனால் ஓசை உரக்க எழும். தனம்மாள் இதனைப் பயன்படுத்தாமல் விரல்நுனியாலும் நகத்தாலுமே மீட்டினார். ஓசை மிக மென்மையாக இருந்தது. மிருதங்கம் முதலிய பக்கவாத்தியங்களும் இன்றியே பெரும்பாலும் வாசித்தார். வீணையின் நாதத்தோடு இவரது குரலும் இழைந்து ஒலிக்கும். விரைவான சுரக் கோவைகளைக் காட்டிலும் இராகத்தின் சாயலைச் சில பிடிகளிலேயே காட்டுவதும், பதங்களை விளம்ப காலத்தில் நிறுத்திப் பாடுவதும் இவரது பாணியின் அடையாளங்கள் ஆகும்.

வெள்ளிக்கிழமைக் கச்சேரிகள்

தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே வாசித்தார். வந்தவர்களின் எண்ணிக்கை சிறியதே ஆயினும் அவர்களுள் பலர் தாமே பெரிய வித்துவான்கள். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், டைகர் வரதாச்சாரியார் போன்றோர் இவ்வாறு வந்து கேட்டவர்கள். கச்சேரியின்போது முழு அமைதி நிலவவேண்டும் என்பதில் தனம்மாள் மிகவும் கண்டிப்பானவர். மென்மையான ஓசை கொண்ட வாசிப்புக்கு அந்த அமைதி இன்றியமையாததாக இருந்தது.

மாறிய காலம்

தனம்மாளின் முதுமைப் பருவம், சென்னையின் இசையுலகம் பெரிதும் மாறிய காலத்தோடு ஒத்து அமைந்தது. வீடுகளிலும் கோயில்களிலும் செல்வர் மாளிகைகளிலும் நடந்துவந்த இசை, நுழைவுச்சீட்டு விற்கும் சபாக்களுக்கு இடம்பெயர்ந்தது. 1927 இல் சென்னையில் காங்கிரசு மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928 இல் மியூசிக் அகாதெமி தொடங்கப்பட்டது. 1930களில் ஒலிபெருக்கி கச்சேரி மேடைக்கு வந்தது. சென்னை வானொலி நிலையம் 1938 சூன் மாதம் தொடங்கியது. அதே காலத்தில் தேவதாசி முறைக்கு எதிரான இயக்கமும் வலுப்பெற்றது. இதனால் இம்மரபில் பிறந்த பெண் கலைஞர்களின் வாழ்வாதாரமும் சமூக நிலையும் கேள்விக்குள்ளாயின.

பெரிய அரங்கம், உரத்த ஓசை, கூட்டத்தைக் கவரும் விறுவிறுப்பு ஆகியவை புதிய காலத்தின் தேவைகளாயின. அறுபது வயதைக் கடந்த தனம்மாளின் வாசிப்பு இம்மூன்றுக்கும் மாறானது. அவர் தம் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை. இதன் விலையாக வருவாய் குறைந்தது. தாராள மனமும் பெரிய குடும்பமும் கொண்ட அவர் பிற்காலத்தில் பணமுடையோடும் கடனோடும் வாழ நேர்ந்தது.

முதுமையும் வாசிப்பும்

முதுமையில் இசைக் கலைஞர்களுக்கு ஏற்படும் மாற்றங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். தனம்மாளின் வாழ்க்கையை ஒவ்வொன்றோடும் பொருத்திப் பார்ப்பது பயனுள்ளது.

1. கைத்திறன்

வயது கூடக்கூட விரல்களின் வேகமும் மூட்டுகளின் நெகிழ்ச்சியும் குறைகின்றன. நகங்கள் எளிதில் உடையும் தன்மை பெறுகின்றன. பார்வையும் செவிப்புலனும் மங்குகின்றன. ஆனால் பல ஆண்டுகள் பழகிய பாடங்களும் இராக அறிவும் அவ்வளவு விரைவாகக் குறைவதில்லை. 1996 இல் கிராம்பே, எரிக்சன் என்ற ஆய்வாளர்கள் இளம் பியானோ கலைஞர்களையும் மூத்த பியானோ கலைஞர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பொதுவான செயல்வேகம் மூத்தோரிடம் குறைந்திருந்தது. ஆயினும் முறையான பயிற்சியைத் தொடர்ந்து செய்துவந்த மூத்த கலைஞர்களிடம் பியானோ வாசிக்கும் திறன் பெருமளவு காக்கப்பட்டிருந்தது.

போலந்தில் பிறந்த பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் (1887 - 1982) எண்பது வயதைக் கடந்தும் மேடையேறினார். குறைந்த எண்ணிக்கையிலான உருப்படிகளை எடுத்துக்கொண்டு அவற்றை மிகுதியாகப் பயிற்சி செய்தார். விரைவான பகுதிக்குச் சற்று முன்னர் வேகத்தைக் குறைத்தார். அதனால் அடுத்து வரும் பகுதி உள்ளதைவிட விரைவாகத் தோன்றியது. முதுமையில் திறனைக் காக்கும் வழிகளுக்கு இதனை உளவியலாளர்கள் எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம்.

தனம்மாளுக்கு இத்தகைய மாற்றம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை எனலாம். அவரது பாணி தொடக்கம் முதலே வேகத்தையோ வலுவான மீட்டலையோ நம்பி அமையவில்லை. பதங்களின் விளம்ப காலத்தில் முதன்மையாக வேண்டுவது ஒரு சுரத்தை எங்கே நிறுத்துவது, எவ்வளவு இழுப்பது என்ற தெளிவே ஆகும். அது வயதோடு முதிரும் தன்மையுடையது. பார்வை இழப்பும் வீணை வாசிப்பை முற்றாகத் தடுப்பதில்லை. மெட்டுகள் தண்டியின்மேல் மேடாக அமைந்திருப்பதால் விரல் அவற்றைத் தொட்டே அறியும். சுரம் சரியா என்பதைச் செவி முடிவு செய்யும்.

2. ஊக்கம்

முதுமையில் கலைஞர்கள் வாசிப்பைக் கைவிடுவதற்கு உடல் தளர்ச்சி மட்டுமே காரணமன்று. மேடை வாய்ப்புக் குறைதல், இரசனை மாறுதல், தம்மைவிட இளையோர் முன்னுக்கு வருதல், முன்பு போல் வாசிக்க இயலவில்லை என்ற மனக்குறை ஆகியவையும் காரணங்கள் ஆகும். தனம்மாள் இவற்றுள் பலவற்றை எதிர்கொண்டார். எனினும் வெள்ளிக்கிழமை மாலை என்ற ஒழுங்கும், நுட்பம் அறிந்து கேட்கும் சிறு கூட்டமும் அவருக்கு இருந்தன. பெரிய அரங்கின் கைதட்டலை நம்பியிருந்த கலைஞருக்கு அது நின்றபோது ஏற்படும் வெறுமை, தம் வீட்டுக் கூடத்தையே மேடையாகக் கொண்ட அவருக்கு அவ்வளவாக ஏற்பட்டிருக்காது எனக் கருதலாம்.

ஆனால் இதனை மிகைப்படுத்துதல் கூடாது. அறிந்தோரின் மதிப்பு வறுமையைப் போக்கவில்லை. முதிய கலைஞருக்கு ஓய்வூதியமோ மருத்துவ உதவியோ அளிக்கும் அமைப்பு அன்று இல்லை. உயர்ந்த கலை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று எண்ணுவோர் தனம்மாளின் இறுதி ஆண்டுகளையும் நினைவில் கொள்ளவேண்டும்.

3. இசை இன்பம்

தனம்மாளின் வீட்டில் மகள்களும் பேரப்பிள்ளைகளும் இசைக்கு நடுவிலேயே வளர்ந்தனர். மூத்தவர் வாசிக்க இளையவர் கேட்டுப் பழகும் சூழல் அவரது முதுமைக்கும் பொருள் தந்தது. பேத்தி பாலசரசுவதி நடனம் கற்க விரும்பியபோது, காலத்தின் போக்கை எண்ணிக் குடும்பத்திலேயே தயக்கம் எழுந்தது. தனம்மாள் பேத்தியை ஆதரித்தார். பாலசரசுவதியின் அரங்கேற்றம் 1925 இல், அவரது ஏழாம் வயதில், காஞ்சிபுரத்தில் நிகழ்ந்தது.

இசைத்தட்டுகள்

1930களில் கொலம்பியா நிறுவனம் தனம்மாளின் வாசிப்பை இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பதிய முடியும். நிதானமாக விரியும் பாணிக்கு இது மிகக் குறுகிய அளவாகும். இளமையில் அவர் எவ்வாறு வாசித்தார் என்பதற்கு ஒலிச்சான்று இல்லை. நாம் இன்று கேட்பது முதிய தனம்மாளையே. அவரது பெருமையை அறிய விரும்பும் மாணவர்கள், தளர்ந்த வயதில் குறைந்த நேரத்தில் குறைந்த வசதியோடு பதிவான இத்தட்டுகளையே நாடவேண்டியுள்ளது. எனினும் அவற்றில் இராகத்தின் உருவம் தெளிவாக உள்ளது.

அடுத்த தலைமுறை

இராஜலட்சுமி, இலட்சுமிரத்தினம், ஜெயம்மாள், காமாட்சி ஆகியோர் தனம்மாளின் மகள்கள். பேரப்பிள்ளைகளுள் பலர் புகழ் பெற்றனர்.

* டி. பிருந்தா (1912 - 1996), டி. முக்தா (1914 - 2007) - காமாட்சியின் மகள்கள். பதங்களையும் ஜாவளிகளையும் தனம்மாள் பாணியில் பாடிவந்தனர். பிருந்தா 1976 இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.
* டி. பாலசரசுவதி (1918 - 1984) - ஜெயம்மாளின் மகள். பரதநாட்டியத்தை உலகறியச் செய்தவர். 1973 இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.
* டி. இரங்கநாதன் (1925 - 1987), டி. விசுவநாதன் (1927 - 2002) - பாலசரசுவதியின் தம்பியர். முறையே மிருதங்கக் கலைஞர், புல்லாங்குழல் கலைஞர். இருவரும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தனர்.
* டி. சங்கரன் - இலட்சுமிரத்தினத்தின் மகன். குடும்பத்தைப் பற்றியும் அக்கால இசைக் கலைஞர்களைப் பற்றியும் கட்டுரைகள் எழுதினார்.

எம். எஸ். சுப்புலட்சுமி, இராம்நாடு கிருஷ்ணன் முதலியோர் பிருந்தாவிடம் பதங்களைக் கற்றனர். இவ்வாறு இக்குடும்பத்தின் பாடங்கள் வெளியுலகிலும் பரவின.

மறைவும் நினைவும்

தனம்மாள் 1938 அக்டோபர் 15 அன்று சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 71. இந்திய அஞ்சல் துறை 2010 ஆம் ஆண்டு இவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. தனம்மாள் பாணியில் பதம் பாடுவோரும், அவரது பழைய இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்போரும் இன்றும் உள்ளனர்.