உதிர ஓட்டம் கண்ட ஹார்வி

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்திலே அமைந்த திருமுக்கூடலைக் காஞ்சிபுரத்து நேயர்கள் நன்கு அறிவார்கள். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பழையசீவரத்துக்கு எழுந்தருளி, அங்கிருந்து ஆற்றைக் கடந்து இவ்வூர் சேரும் பாரிவேட்டை உற்சவத்துக்கு ஜனங்கள் திரள் திரளாகக் கூடுகிறார்கள். ஆனால், அவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரிலே வீரராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது 1063-க்கும் 1070-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட நீண்ட சாசனத்தை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணாக்கர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் நடந்துவந்த செய்தியை அச்சாசனம் கூறுகிறது. நோய்க்கு மருந்து கொடுக்கும் வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை செய்வோர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளருக்குப் பணிவிடை செய்யும் பெண்டிர், நாவிதர் ஆகிய ஒவ்வொருவருக்கும் இன்ன ஜீவிதம் என்று அதிலே வரையறுத்திருக்கிறார்கள். சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாகக் காணப்படுகின்றன. அவற்றுள் ஹரீதகி, அதாவது கடுக்காய், சேர்ந்தவை பல.

இச்சாசனத்தைப் பற்றி நம்மவர் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் அப்பெருமை சில சமயங்களில் எல்லை மீறிவிடுகிறது. சரீரத்தில் ரத்தம் சுற்றி ஓடும் விதமும், ரத்தக்குழாய்களின் தத்துவமும் நம் முன்னோர்க்குத் தெரியாததல்ல என்றும், மேல்நாட்டார் புதிதாக ஒன்றும் கண்டுவிடவில்லை என்றும் மேடைகளில் பேசுவோரை நாம் கேட்டிருக்கிறோம். சாசனத்தில் உள்ளதை உண்டென்று சொல்வது தேசாபிமானம். இல்லாததை உண்டென்று சாதிப்பது தேசத்துக்குச் செய்யும் உபகாரமாகாது. ஆகவே, அவ்வுண்மையைக் கண்டு நிலைநாட்டிய வில்லியம் ஹார்வி என்பாரின் சரித்திரத்தை இன்று நேயர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஹார்வி 1578-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போக்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் இவரே மூத்தவர். கான்டர்பரியில் பள்ளிப்படிப்பும், கேம்பிரிட்ஜில் கலாசாலைப் படிப்பும் முடித்தபின், அக்காலத்தில் வைத்தியக் கல்விக்குப் பெயர்போன இத்தாலியின் பாதுவா நகருக்குச் சென்றார். அந்தச் சர்வகலாசாலையில் கலிலியோ அப்போது கணிதம் போதித்துவந்தார். ஹார்வி அங்கே மாணாக்கராயிருந்த நாட்களில்தான், 1600-ம் வருஷக் கடைசியில், அவருடைய தாய்நாட்டு ராணி கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் வழங்கினாள். ஒரே தேசத்திலிருந்து நமக்கு வந்த இரண்டு சம்பத்துக்கள் இவை. ஒன்றின் வழிவந்த ஆட்சியை 1947-ல் வழியனுப்பிவைத்தோம். மற்றொன்றை வைத்துக்கொள்ளுவதில் நமக்கு யாதொரு குறைவுமில்லை.

பாதுவாவில் ஹார்வியின் ஆசிரியர் பப்ரிஷியஸ் என்னும் முதியவர். கை கால்களிலுள்ள சிரைகளின் உட்புறத்தில் சிறு சிறு கதவுகளைப் போன்ற மெல்லிய மடிப்புகள் இருப்பதை அவர் மாணாக்கர்களுக்கு அறுத்துக் காட்டி, 1603-ல் அவற்றைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். ஆனால் அவை எதற்காக உள்ளன என்பதை அவர் அறியவில்லை. ரத்தம் ஒரேயடியாகப் பாதத்தில் இறங்கித் தேங்கிவிடாதபடி அவை வேகத்தைத் தணிக்கின்றன என்று கருதினார். அவர் மீது குற்றமில்லை. கேலன் என்ற கிரேக்க வைத்தியர் வகுத்துவைத்த கொள்கையை ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஐரோப்பா முழுவதும் வேதவாக்காகக் கொண்டிருந்தது. உண்ட உணவு ஈரலில் ரத்தமாக மாறுகிறது, அது சிரைகளின் வழியாக வெளிநோக்கிச் சென்று அங்கங்களால் உட்கொள்ளப்பட்டுத் தீர்ந்துபோகிறது என்பதே அக்கொள்கை. அதை நம்பியவருக்குச் சிரைகளில் ரத்தம் கீழ்நோக்கி ஓடுவதாகத்தானே தோன்றும்?

ஹார்வி 1602-ல் வைத்தியப் பட்டம் பெற்று லண்டன் திரும்பினார். 1604-ல் ஒரு வைத்தியரின் புதல்வியை மணந்தார். 1609-ல் ஏழைகளுக்கு வைத்தியம் செய்யும் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் வைத்தியரானார். 1618-ல் ஜேம்ஸ் மன்னருக்கும், பின்னர் சார்லஸ் மன்னருக்கும் அரண்மனை வைத்தியராக அமர்ந்தார். இவ்வளவு உத்தியோகங்களுக்கிடையிலும் தமது ஆசிரியர் காட்டிய அச்சிறு கதவுகளை அவர் மறக்கவில்லை. நாய், பன்றி, பாம்பு, தவளை, மீன், நண்டு என்று எண்ணற்ற ஜீவன்களின் இருதயத்தைப் பல வருஷங்கள் சோதித்துவந்தார்.

அவர் கண்ட முதல் விஷயம் வெறும் கணக்கு. இருதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் ரத்தம் மிகச் சொற்பமென்றே வைத்துக்கொள்ளுவோம். அரை மணி நேரத்தில் அது ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கிறது. பெருக்கிப் பார்த்தால் சரீரத்திலுள்ள மொத்த ரத்தத்தையும் விஞ்சிவிடுகிறது. இவ்வளவையும் உண்ட சோறு புதிது புதிதாக உண்டாக்க முடியுமா? முடியாதெனில், சென்ற ரத்தமே திரும்பி வரவேண்டும். இன்றைய அளவுகளின்படி, ஓய்ந்திருக்கும் மனிதனின் இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் தள்ளுகிறது. அவனுடைய சரீரத்தில் உள்ள ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவே.

இரண்டாவது சோதனையை நேயர்கள் தங்கள் கையிலேயே செய்து பார்க்கலாம். முழங்கைக்கு மேல் ஒரு துணியை மிதமாகக் கட்டினால் முன்கையில் சிரைகள் புடைத்தெழும். ஆங்காங்கே சிறு முடிச்சுகளும் தோன்றும். அவையே கதவுகள் உள்ள இடங்கள். ஒரு சிரையை விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி அடுத்த முடிச்சைத் தாண்டும்வரை தடவிவிட்டால் இடைப்பட்ட பாகம் காலியாகிவிடும். மேலிருந்து ரத்தத்தைக் கீழே தள்ளப் பார்த்தால் அது முடிச்சைத் தாண்டி வராது. அழுத்திய விரலை எடுத்தவுடன் கீழிருந்து குபீரென்று நிரம்பும். ஆகவே கதவுகள் இருதயத்தை நோக்கி மட்டுமே திறக்கின்றன. தமனிகள் ரத்தத்தைக் கொண்டுபோகின்றன. சிரைகள் திருப்பிக் கொண்டுவருகின்றன. பப்ரிஷியஸ் கண்ணால் கண்ட கதவுகளின் காரியத்தை அவர் மாணாக்கர் கண்டுவிட்டார்.

1628-ல் பிராங்க்பர்ட் நகரில் அச்சான, எழுபது பக்கம் சொச்சமே உள்ள ஒரு சிறு லத்தீன் புஸ்தகத்தில் ஹார்வி இவற்றை வெளியிட்டார். அதன் பின் அவரிடம் வரும் நோயாளிகளின் தொகை குறைந்ததென்றும், சாமானிய ஜனங்கள் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகக் கருதினார்களென்றும் அவரை அறிந்த ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். பாரிஸ் நகரத்து ரியோலான் முதலிய பண்டிதர்கள் எதிர்த்தார்கள். ஹார்வி ஆத்திரப்படவில்லை; இருபது வருஷங்களுக்குப் பின், 1649-ல், ரியோலானுக்குப் பொறுமையாக விடை எழுதினார். தமனி முடிந்து சிரை தொடங்கும் இடத்தை மாத்திரம் அவரால் காண முடியவில்லை. கண்ணுக்குப் புலப்படாத அந்த நுண்குழாய்களை 1661-ல் பூதக்கண்ணாடியின் துணைகொண்டு மால்பீகி என்ற இத்தாலியர் கண்டார். அப்போது ஹார்வி உயிருடன் இல்லை.

அவருடைய மனப்போக்கைக் காட்டும் மற்றொரு சம்பவமும் உண்டு. 1634-ல் சில ஏழை ஸ்திரீகளைச் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டி லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அரசன் கட்டளைப்படி ஹார்வியின் மேற்பார்வையில் அவர்களைப் பரிசோதித்தபோது இயற்கைக்கு மாறான அடையாளம் எதுவும் இல்லையென்று முடிவாயிற்று. நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இதன் அருமை விளங்கும். கேள்விப்பட்டதைச் சாட்சியமாகக் கொள்ளாமல் கண்டதை மட்டுமே கொள்ளுவது அவர் சுபாவம்.

1642-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. மன்னரின் பக்கத்தில் நின்ற ஹார்வியின் இருப்பிடத்தைச் சிப்பாய்கள் சூறையாடினார்கள். பல்லாண்டு உழைத்து எழுதிய ஆராய்ச்சிக் குறிப்புகள் அழிந்துபோயின. அந்நஷ்டமே தமது வாழ்வின் பெருந்துயரம் என்று அவர் வருந்தினார். ஆயினும் ஓயவில்லை. 1651-ல் ஜீவன்களின் உற்பத்தியைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். 1654-ல் வைத்தியக் கலாசாலையார் அளிக்க முன்வந்த தலைமைப் பதவியை முதுமையைக் காரணமாகச் சொல்லி மறுத்து, தமது புஸ்தகசாலையை அவர்களுக்கே வழங்கினார். 1657 ஜூன் 3-ந் தேதி, தமது 79-வது வயதில் காலமானார். சந்ததி இல்லை. அவர் அளித்த புஸ்தகசாலையும் 1666-ல் லண்டனை அழித்த பெருந்தீக்கு இரையாயிற்று. மிஞ்சியது அவர் கண்ட உண்மை ஒன்றே.

நிற்க. அவ்வுண்மையால் காஞ்சிபுரத்து நெசவாளிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். பாதத்திலிருந்து இருதயம் வரை ரத்தம் மேட்டைநோக்கி ஏறவேண்டியிருக்கிறது. இருதயத்தின் உந்துதல் அங்கே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நடக்கும்போது ஆடுதசை சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. கதவுகள் ரத்தத்தைக் கீழே இறங்கவொட்டாமல் தடுக்கின்றன. ஏற்றம் இறைப்பதைப் போன்ற இந்த வேலை கால் அசையாதபோது நின்றுவிடுகிறது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர்கள் மிதியை மிதிக்கிறார்கள் எனினும் எழுந்து நடப்பதில்லை. கடைச் சிப்பந்திகள், சமையற்காரர், ஆசிரியர், போலீஸார் ஆகியோர் மணிக்கணக்காக நின்றுகொண்டிருக்கிறார்கள். இவற்றோடு குலவழியும், கர்ப்பமும், வயதும், உடற்பருமனும் சேர்ந்தால் கதவுகள் சரிவர மூடாமல் போகின்றன. ரத்தம் தேங்கிச் சிரைகள் புடைத்து முறுக்கிக்கொள்ளுகின்றன. இதையே நம்மவர் நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறார்கள். உண்மையில் அது நரம்பன்று, சிரையே. ஆசனவாயிலுள்ள சிரைகள் புடைப்பதே மூலவியாதி.

ஆரம்பத்தில் மாலைவேளைக் கால்கனமும் கணுக்கால் வீக்கமுமாகத் தோன்றுவதை நம்மவர் பொருட்படுத்துவதில்லை. நாளடைவில் உள்கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்து அரிப்பெடுக்கும். பின்னர் ஆறாத புண் உண்டாகும். அப்புண்ணுக்கு எத்தனை களிம்பு பூசினாலும் தேங்கிய ரத்தத்தை மேலேற்ற வழி செய்யாதவரை எளிதில் ஆறாது. மணிக்கொரு முறை எழுந்து நடத்தல், நிற்கும்போது குதிகாலை உயர்த்தித் தாழ்த்தல், இரவில் காலைச் சற்று உயர்த்திப் படுத்தல், வைத்தியர் சொல்லும் அளவில் இறுக்கமான காலுறை அணிதல் ஆகியவை செலவு அதிகமில்லாத பரிகாரங்கள். காலுறையைத் தாமாக வாங்கி அணிதல் கூடாது. தமனியில் அடைப்புள்ளவர்க்கு அது தீங்காகும். கெட்டுப்போன சிரையை ஊசிமருந்தாலோ உஷ்ணத்தாலோ மூடிவிடவும் இக்காலத்தில் முறைகள் உண்டு. புடைத்த சிரை உடைந்து ரத்தம் பெருகினால் உடனே படுத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திக்கொண்டு வைத்திய உதவியை நாடவேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். ஒரு கால் மாத்திரம் திடீரென வீங்கி வலித்துச் சூடாகவும் இருந்தால், ஆழத்திலுள்ள சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். பிரசவத்துக்குப் பின்னும், அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும், நெடுநாள் படுக்கையிலிருந்தோர்க்கும் இது நேருவதுண்டு. உறைந்த கட்டி பிரிந்து சுவாசாசயத்தை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. அக்காலைப் பிடித்துவிடுவதும், எண்ணெய் தேய்த்து உருவுவதும் கூடாது. அன்றைய தினமே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். மூச்சுத் திணறலோ மார்புவலியோ கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது.

இவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்ல முடியாதென்பதும் பொய். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழ் மூலமாகவே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்து, சரீர சாஸ்திர நூல்களையும் தமிழாக்கினார். அந்நியர் ஒருவர் செய்ததை நாம் செய்யத் தயங்குவது அழகன்று.

திருமுக்கூடல் சாசனத்தில் ரத்த ஓட்டம் இல்லை. ஆனால் நோயுற்றவனுக்குப் படுக்கையும், சல்லியக்கிரியை செய்வோனுக்கு ஜீவிதமும், பணிவிடை செய்யும் பெண்ணுக்கு அவள் பங்கும் அங்கே உண்டு. ஹார்வி பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவற்றை முறைப்படுத்திக் கல்லில் வெட்டிவைத்தவர்களின் சந்ததியார் நாம். அந்தப் பெருமை நமக்குப் போதும். இல்லாத பெருமையைத் தேடுவதை விட்டு, முக்கூடலைச் சுற்றியுள்ள ஊர்களிலே ஆறாப் புண்ணோடு தறிக்குழியில் அமர்ந்திருப்பவர் எத்தனை பேர் என்று சென்று பார்ப்பதே அச்சாசனத்துக்கும், கண்டதையே நம்பிய ஹார்விக்கும் நாம் செலுத்தக்கூடிய மரியாதையாகும்.