திண்டிவனத்தில் படித்த சிறுவன்



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இலக்கியக் கட்டுரை எதுக்கு என்று கடைசி பெஞ்சு முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். இதில் பெரும்பகுதி ஒரு பெரிய மனிதரின் வரலாறு. மீதி, நான் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒரு விஷயம். அது கடைசியில்.

எங்க ஊர் பொம்மையார்பாளையம். ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, இன்னொரு பக்கம் கடல். காலையில் நான் புதுச்சேரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, எதிர்த்திசையில் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்கள் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுண்டு. ஆங்கில இலக்கியம், எழுத்து, சினிமா... இந்த மூன்றும் படிக்க ஆசைப்பட்டவன் நான். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: டிப்ளமோ. நடுக்கடலில் போட் இன்ஜின் நின்னு போனா ஷேக்ஸ்பியர் வந்து ஸ்டார்ட் பண்ண மாட்டார் என்பது அவர் கட்சி. அதில் தப்பும் சொல்ல முடியாது.

இந்த மூன்றுக்கும் ஆசைப்பட்ட ஒருவர் நமக்கு முன்பே இந்தப் பக்கத்தில் நடமாடியிருக்கிறார். சிறுகதை மன்னன் என்று போற்றப்படும் புதுமைப்பித்தன்! இயற்பெயர் சொ. விருத்தாசலம் (நம்ம பஸ் போர்டில் தினம் பார்க்கிற பெயர்தான்). பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், 1906-ஆம் ஆண்டு. பூர்வீகம் திருநெல்வேலி. அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம், ஊர் ஊராக மாற்றல். அதனால் பையனின் ஆரம்பப் படிப்பு செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று நம்ம பக்கத்திலேயே ஓடியது. சின்ன வயசிலேயே தாயை இழந்தார். 1918-இல் அப்பா ஓய்வு பெற, குடும்பம் நெல்லைக்குத் திரும்பியது.

அங்கே இந்துக் கல்லூரியில் சேர்ந்து 1931-இல் பி.ஏ. பட்டம் வாங்கினார். கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போது வயசு 25! அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். அந்தக் காலத்துக் கல்லூரியில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். அதை வைத்துக்கொண்டு ஏதாவது ஆபீஸில் நாற்காலி பிடிப்பதுதான் ஊர் வழக்கம். இவரோ அதே ஆங்கிலத்தால் செகாவ், மாப்பசான், எட்கர் ஆலன் போ, காஃப்கா என்று உலகத்தையே படித்தார். படித்ததோடு விடவில்லை. அவர்களுடைய கதைகளை ஐம்பதுக்கு மேல் தமிழில் மொழிபெயர்த்துப் போட்டார். நெல்லையை விட்டே போகாதவனும் ரஷ்யக் கதையைத் தமிழில் படிக்கலாம் என்று ஆக்கினார்.

1933-இல் எழுத ஆரம்பித்தவர், மணிக்கொடி பத்திரிகையில் பேர் வாங்கினார். பிழைப்பு என்னவோ சென்னையில் பத்திரிகை ஆபீஸில்தான். தினமணியில் பல வருஷம் உதவி ஆசிரியர், அப்புறம் தினசரி. சம்பளம் பற்றாது. மனைவி கமலா பல காலம் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. அவருக்கு இவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் தனிப் புத்தகமாகவே வந்தன. இந்தக் கஷ்டத்துக்கு நடுவில்தான் பொன்னகரம், துன்பக்கேணி, செல்லம்மாள், கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் எல்லாம் பிறந்தன. சுமார் பதினைந்து வருஷத்தில் ஏறக்குறைய நூறு கதை! கடவுளையே சென்னைக்கு வரவழைத்து ஒரு சாதாரண ஆளோடு காபி குடிக்க வைத்தவர் வேறு யார்?

சினிமாவுக்கு வருவோம்.  அதை அவர் கைக்காசைப் போட்டுத்தான் கற்றுக்கொண்டார். ஜெமினியின் ஔவையார் படத்துக்குக் கதைவசன வேலை செய்தார். அந்தப் படம் 1953-இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. காமவல்லிக்கும் எழுதினார். பிறகு பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். தாயார் பெயர் பர்வதத்தம்மாள் என்று படித்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வசந்தவல்லி என்று படம் எடுக்க முயன்று, முடியாமல் பணம் கரைந்தது. கடைசியாக பாகவதரின் ராஜமுக்திக்கு வசனம் எழுத புனா போனார். அங்கே காசநோய் முற்றியது. திருவனந்தபுரம் திரும்பி, 1948-இல் கண்ணை மூடினார். வயசு 42. அதே வருஷம் வந்த ராஜமுக்தியும் ஓடவில்லை. அவருடைய எழுத்துகள் 2002-இல் தமிழக அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டன.

இப்போது நான் தள்ளிப் போட்ட விஷயம்.

அயல்நாட்டுக் கதையைத் தழுவி, ஊரையும் பேரையும் மாற்றி எழுதுவது திருட்டு, மொழிபெயர்ப்புதான் நேர்மை என்று 1937 வாக்கில் கடுமையாக வாதாடியவர் புதுமைப்பித்தன். ஆனால் அவருடைய கதைகளிலேயே சமாதி, நொண்டி, பயம் போன்ற சில, மாப்பசானைத் தழுவியவை என்று பின்னால் எடுத்துக்காட்டினார்கள். சொன்னவர்களில் அவருடைய நண்பர் தொ.மு.சி. ரகுநாதனும் ஒருவர். இதற்காக அவரைக் கீழே தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தப்பு எது என்று செய்து பார்த்தவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சென்ற ஆண்டு மலரில் இரவல் அட்டிகை என்ற கதை என் பெயரில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது என் கதை இல்லை. மாப்பசானின் நெக்லஸ் கதை. அக்காவின் பழைய ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது. பாரிஸை எடுத்துவிட்டு எங்க ஊரை வைத்தேன். பெரிய இடத்து விருந்தைக் கல்யாண வீடாக்கினேன். கடன் அடைக்கிற குமாஸ்தாவை வலை பின்னுகிறவராக்கினேன். எல்லோரும் தட்டிக்கொடுத்தீர்கள். பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கிடைத்தது. போன வாரம் வரை அம்மா அதில்தான் சோறு கட்டித் தந்தாங்க.

இந்த வருஷமும் கதை கேட்டார்கள். கொடுக்கவில்லை. அதே நெக்லஸ் கதையை எடுத்து, பாரிஸைப் பாரிஸாகவே விட்டு, லிப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ராத்திரிக்கு அரைப் பக்கம் நகர்ந்தால் பெரிய விஷயம். லேத்தில் நூல் பிசகாமல் கடைவது இதைவிடச் சுலபம்! இதுவரை நாலு பக்கம் ஆகியிருக்கிறது. மேலே மாப்பசான் பேர் பெரிசாக இருக்கும், கீழே என் பேர் சின்னதாக.

டிபன் பாக்ஸைப் பேரவை அறையில் ஒப்படைத்துவிட்டேன். அது எங்கே என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்காங்க. மலர் அச்சாகி வந்ததும் இந்தப் பக்கத்தைக் காட்டலாம் என்று இருக்கிறேன்.