தியோடோர் எஷரிக்

தியோடோர் எஷரிக் (நவம்பர் 29, 1857 – பெப்ரவரி 15, 1911) செருமனியில் பிறந்து ஆஸ்திரியாவில் புகழ்பெற்ற குழந்தை மருத்துவரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். மனிதரின் பெருங்குடலில் வாழும் எஷரிக்கியா கோலி (சுருக்கமாக ஈ.கோலி) என்னும் பாக்டீரியாவைக் கண்டறிந்தவர் இவரே. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறித்து இவர் செய்த மற்றொரு கண்டுபிடிப்பு ஏறத்தாழ நூறாண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தது.

இளமையும் கல்வியும்

எஷரிக் பவேரியாவில் உள்ள அன்ஸ்பாக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பெர்டினாண்ட் எஷரிக் ஒரு மருத்துவர். மருத்துவப் புள்ளிவிவரங்களிலும் ஈடுபாடு உடையவர். இளம் அகவையிலேயே தாயை இழந்த எஷரிக், பின்னர் ஆஸ்திரியாவின் பெல்ட்கிர்க் நகரில் இருந்த இயேசு சபையினரின் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். மருத்துவப் படிப்பைப் பல பல்கலைக்கழகங்களில் பயின்று 1881இல் பட்டம் பெற்றார். அதன்பின் வூர்ஸ்பர்க் நகரில் கார்ல் கெர்கார்ட் என்பவரின் கீழ் உதவி மருத்துவராகப் பணியாற்றினார்.

1884ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் வாந்திபேதி (காலரா) பரவியது. அதே ஆண்டில்தான் இராபர்ட் கோக் கொல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியைத் தனியே பிரித்திருந்தார். நேப்பிள்ஸ் சென்ற ஆய்வாளர் ருடால்ப் எம்மரிக்குக்கு உதவியாக எஷரிக்கும் சென்றார். குடல் நுண்ணுயிர்களின்பால் அவருடைய கவனம் திரும்பியது இக்காலத்திலேயே எனலாம்.

குடல் பாக்டீரியா ஆய்வு

அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் கோடைதோறும் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கால் பெருமளவில் இறந்தனர். தாய்ப்பாலுக்கு மாற்றாகப் பசும்பால் ஊட்டப்பட்ட குழந்தைகளே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். நோய்க்கிருமி எது என்று தேடுவதற்கு முன், நலமான குழந்தையின் குடலில் என்னென்ன உள்ளன என்பதை அறிய வேண்டும் என எஷரிக் கருதினார். இன்று இது இயல்பாகத் தோன்றினாலும், நோயை மட்டுமே நோக்கிய அன்றைய நுண்ணுயிரியலில் இது புதிய அணுகுமுறையாகும்.

மியூனிக் நகரில் அவர் பிறந்த குழந்தைகளின் மலத்தை நாள்தோறும் ஆராய்ந்தார். குழந்தையின் முதல் மலத்தில் தொடக்கத்தில் பாக்டீரியா எதுவும் இருப்பதில்லை என்பதையும், சில மணி நேரத்திலேயே அவை வெளியிலிருந்து வந்து குடியேறிவிடுகின்றன என்பதையும் கண்டார். 1884இல் வெளிவந்திருந்த கிராம் சாயமேற்றும் முறையையும் தூய வளர்ப்பு முறையையும் இதற்குப் பயன்படுத்தினார். 1885இல் தாம் பிரித்தெடுத்த கோல் வடிவ பாக்டீரியாவுக்குப் 'பாக்டீரியம் கோலி கொம்யூன்', அதாவது பெருங்குடலில் பொதுவாகக் காணப்படும் பாக்டீரியம், எனப் பெயரிட்டார். 1886இல் கைக்குழந்தைகளின் குடல் பாக்டீரியாக்களுக்கும் செரிமானத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய நூலை வெளியிட்டார். இந்நூல் அவரை இத்துறையின் முன்னணி அறிஞராக்கியது.

அதே 1886இல், வயிற்றுப்போக்கால் இறந்த குழந்தைகளின் பெருங்குடலில் சுருள் வடிவ பாக்டீரியாக்களைக் கண்டு அவற்றை வரைந்து வெளியிட்டார். ஆனால் அவற்றை வளர்க்க அவரால் இயலவில்லை. இவை இன்று கம்பைலோபாக்டர் எனப்படும் பேரினத்தைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகிறது. கம்பைலோபாக்டர் குறைந்த அளவு ஆக்சிசன் உள்ள சூழலிலேயே வளரும். காற்றில் வைத்த தட்டில் வளராது. எனவே எஷரிக்கின் தோல்வி திறமைக் குறைவால் நேர்ந்ததன்று.

கிராட்சு, வியன்னா

1890இல் ஆஸ்திரியாவின் கிராட்சு பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியரானார். 1892இல் இயற்பியலாளர் லியோபோல்ட் பாண்ட்லரின் மகள் மார்கரீத்தாவை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். மகன் பத்தாவது அகவையில் குடல்வால் அழற்சியால் இறந்தான். தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்நச்சு ஊநீர் கொடுப்பதை ஆதரித்த முன்னோடிகளுள் எஷரிக் ஒருவர். சிறுமியரின் சிறுநீர்ப்பை அழற்சிக்கு ஈ.கோலி காரணமாவதை 1894இல் எடுத்துரைத்தார்.

1902இல் வியன்னாவுக்கு அழைக்கப்பட்டுப் புனித அன்னா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமையை ஏற்றார். ஆய்வகத்தோடு நின்றுவிடாமல், 1903இல் கைக்குழந்தைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கித் தாய்ப்பாலூட்டலை வலியுறுத்தினார். ஒவ்வாமை என்னும் கருத்தை 1906இல் முன்வைத்த கிளெமென்ஸ் வான் பிர்கே இவருடைய மாணவராவார். வியன்னாவில் புதிய குழந்தைகள் மருத்துவமனை அமைக்க எஷரிக் அரும்பாடுபட்டார். எனினும் அது 1911இல் திறக்கப்படும் முன்னரே பக்கவாதத்தால் காலமானார்.

பிற்காலம்

1919இல் ஆல்டோ காஸ்டெல்லானி, ஆல்பர்ட் சால்மர்ஸ் ஆகியோர் இப்பாக்டீரியாவின் பேரினத்துக்கு எஷரிக்கின் பெயரைச் சூட்டினர். காஸ்டெல்லானி முன்பு இலங்கையில், கொழும்பில் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஈ.கோலி வகைகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும், மாடுகளின் குடலில் வாழும் ஓ157 வகை, சரிவர வேகாத மாட்டிறைச்சி வழியாக 1982இல் அமெரிக்காவில் நோயைப் பரப்பியபின், எஷரிக்கின் பெயர் அச்சத்தோடும் உச்சரிக்கப்படலாயிற்று.

சுருள் பாக்டீரியாக்களின் கதை வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருச்சிதைந்த ஆடுகளில் இத்தகையவை கண்டறியப்பட்டதால், அவை கால்நடை மருத்துவர்களின் பொருளாகவே நெடுங்காலம் இருந்தன. கம்பைலோபாக்டர் என்னும் பெயர் 1963இல் இடப்பட்டது. 1972இல் பெல்ஜியத்தில் மலத்தை நுண்வடிகட்டியில் வடித்து, வயிற்றுப்போக்கு நோயாளரிடமிருந்து இது வளர்க்கப்பட்டது. 1977இல் இங்கிலாந்தின் மார்ட்டின் ஸ்கிர்ரோ எளிய வளர்ப்பூடகம் ஒன்றை வெளியிட்டபின், வயிற்றுப்போக்கின் முதன்மைக் காரணங்களுள் இதுவும் ஒன்று எனத் தெரியவந்தது. கோழிகளின் குடலில் தீங்கின்றி வாழும் இக்கிருமி, சரிவர வேகாத கோழி இறைச்சியாலும் காய்ச்சாத பாலாலும் மனிதரை அடைகிறது. செருமன் மொழியில் மட்டும் இருந்த எஷரிக்கின் கட்டுரைகளை ஆய்வாளர்கள் மீண்டும் எடுத்துப் படித்தது 1980களில்தான்.